தமிழ்ப் புத்தகம் ஏன் பேச மறுக்கிறது? மின்னூல் கருவியில் குரல் அமைப்பது பற்றி ஒரு விளக்கம்

ராமநாதபுரம் கடற்கரையில் கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினம் பக்கம் வளைகுடாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிற பெட்டிகளில் இப்போது மின்னூல் கருவியும் வந்து இறங்குகிறது. வீட்டில் பார்வை இழந்த பெரியப்பாவோ கல்லூரியில் படிக்கும் பார்வையற்ற பிள்ளையோ இருந்தால், "இது தானாகவே வாசித்துக் காட்டுமாம்" என்று யாராவது அமேசான் நிறுவனத்தின் கிண்டிலை வாங்கி அனுப்பிவிடுகிறார்கள். பெட்டியைப் பிரித்ததும் குழப்பம் ஆரம்பம். கருவியில் ஸ்பீக்கரே இல்லை. எப்படியோ இயக்கிவிட்டால் மெனு ஆங்கிலத்தில் பேசுகிறது. தமிழ்ப் புத்தகத்தைத் திறந்தால் பேச்சு மூச்சு இல்லை. கருவி பழுது என்று முடிவு கட்டி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள்.

பழுது ஒன்றும் இல்லை. அந்தக் கருவி எதற்காகச் செய்யப்பட்டதோ அதைத்தான் செய்கிறது. தமிழ் வாசிப்பது அதன் வேலைப் பட்டியலில் இல்லை, அவ்வளவுதான்.

மூன்று தனித்தனி வேலைகள்

'பேசும் கருவி' என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னாலும் உள்ளே நடப்பது மூன்று வேலைகள்.

1. திரைநவிலி, அதாவது ஸ்கிரீன் ரீடர். திரையில் விரல் எங்கே இருக்கிறது, அங்கே இருப்பது பொத்தானா, புத்தகத் தலைப்பா, கடவுச்சொல் கட்டமா என்று சொல்லி வழிநடத்தும் மென்பொருள் இது. ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர், கிண்டிலில் வாய்ஸ்வியூ.

2. குரல் எஞ்சின். திரைநவிலி கொடுக்கிற எழுத்தை ஒலியாக மாற்றுவது. எந்த மொழிக்கு எஞ்சின் இருக்கிறதோ அந்த மொழிதான் பேசும்.

3. எழுத்து. கோப்புக்குள் இருப்பது கணினிக்குப் புரியும் எழுத்தாக இருக்க வேண்டும். எழுத்து மாதிரி தெரியும் படமாக இருந்தால் எஞ்சினுக்கு அங்கே ஒன்றுமே இல்லை.

இதை ஒலிப்புத்தகத்தோடு போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பாம்பனில் 2016 முதல் ஒலிக்கும் கடல் ஓசை வானொலியில் பேசுவது மனிதர். ஒலிப்புத்தகமும் அப்படித்தான், யாரோ உட்கார்ந்து வாசித்துப் பதிந்தது. குரல் எஞ்சினோ, முன்பு ஒருவரும் வாய்விட்டு வாசிக்காத பக்கத்தையும் அந்த நிமிடத்தில் வாசிக்கும். அதனால்தான் அதற்கு இத்தனை மதிப்பு.

கோளாறு எந்த வேலையில் என்பதைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். ஒன்றுமே கேட்கவில்லை என்றால் திரைநவிலி ஓடவில்லை, அல்லது ஹெட்போன் இணையவில்லை. மெனு பேசுகிறது, புத்தகம் மட்டும் பேசவில்லை என்றால் அந்த மொழிக்குக் குரல் இல்லை, அல்லது பக்கம் வெறும் படம். புத்தகம் பேசுகிறது, ஆனால் உளறுகிறது என்றால் எழுத்தில் கோளாறு.

கிண்டிலுக்குக் குரல் வந்ததும் போனதும்

2009 பிப்ரவரியில் வந்த கிண்டில் 2 புத்தகத்தை உரக்க வாசித்தது. உடனே அமெரிக்க எழுத்தாளர் சங்கமான ஆதர்ஸ் கில்ட் எதிர்த்தது. உரக்க வாசிப்பது ஒலிப்புத்தக உரிமையில் கை வைப்பது என்பது அவர்கள் வாதம். அமேசான் இறங்கிவந்து, எந்தப் புத்தகத்துக்குக் குரல் வேண்டாம் என்று பதிப்பாளரே முடிவு செய்யலாம் என்றது. இன்றும் கிண்டில் புத்தகங்களின் விவரப் பக்கத்தில் குரல் வாசிப்பு, திரைநவிலி ஆதரவு பற்றிய வரிகள் இருப்பதைப் பார்க்கலாம். வாங்குவதற்கு முன்னால் அந்த வரிகளைக் கேட்டுவிடுவது நல்லது.

அந்தக் கருவியில் இன்னொரு வேடிக்கை: புத்தகம் பேசும், மெனு பேசாது. பார்வையற்றவர் புத்தகம் வரை போய்ச் சேரவே இன்னொருவர் வேண்டும். அதே 2009-இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் பாடநூல்களைக் கிண்டிலில் தர முயன்றபோது பார்வையற்றோர் அமைப்புகள் வழக்குப் போட்டதற்கு இதுதான் காரணம். 2010-இல் மெனுவும் பேசத் தொடங்கியது. 2012-இல் வந்த பேப்பர்வைட்டில் ஸ்பீக்கரும் இல்லை, ஹெட்போன் துளையும் இல்லை, குரலும் போயிற்று. 2016-இல்தான் புளூடூத் வழியாக, வாய்ஸ்வியூ என்ற பெயரில் அது திரும்பி வந்தது. பெட்டிக்குள் ஸ்பீக்கரைத் தேடி ஏமாறுவதற்குக் காரணம் இந்த வரலாறு. இப்போதைய கிண்டில் புளூடூத் ஹெட்போனிலோ புளூடூத் ஸ்பீக்கரிலோ மட்டுமே பேசும்.

கிண்டிலைப் பிறர் உதவியின்றி இயக்குவது

ஆங்கிலப் புத்தகம் படிக்கிறவருக்கு இந்தக் கருவி பயன்படும். முதல் தடவை அமைப்பதைக் கண் பார்வை உள்ளவர் துணையில்லாமலே செய்யலாம்.

1. பக்கத்தில் இருக்கிற போனின் புளூடூத்தை அணைத்துவிடுங்கள். இதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். ஹெட்போன் பழைய பழக்கத்தில் போனோடு போய் ஒட்டிக்கொள்ளும். கிண்டில் அதைத் தேடிக்கொண்டே இருக்கும்.

2. ஹெட்போனைப் புதிய இணைப்புக்குத் தயாரான நிலையில் வையுங்கள்.

3. கிண்டிலின் பவர் பொத்தானை ஏழு முதல் ஒன்பது விநாடி அழுத்திப் பிடித்து விடுங்கள். கருவியின் தலைமுறையைப் பொறுத்து நேரம் கொஞ்சம் மாறும்.

4. உடனே இரண்டு விரல்களைச் சற்று இடைவெளி விட்டுத் திரையில் ஒரு விநாடி வையுங்கள்.

5. பொறுமையாகக் காத்திருங்கள். ஹெட்போனைக் கண்டுபிடிக்க ஓரிரு நிமிடம் ஆகலாம். குரல் கேட்டதும், அது சொல்கிறபடி மறுபடி இரண்டு விரல்களைத் திரையில் வைத்தால் இணைப்பு உறுதியாகும்.

அதன் பிறகு விரலை வலப்பக்கம் தள்ளினால் அடுத்தது, இடப்பக்கம் தள்ளினால் முந்தையது, இரண்டு முறை தட்டினால் தேர்வு. போனில் டாக்பேக் பழகியவருக்கு இது கை வந்த கலை. பேச்சு வேகத்தை வாய்ஸ்வியூ அமைப்புகளில் மாற்றலாம்.

ஆனால் இவ்வளவும் செய்தாலும் தமிழ் வராது. 2016 டிசம்பரிலிருந்தே கிண்டில் கடையில் தமிழ்ப் புத்தகம் கிடைக்கிறது. கருவிக்குள் தமிழ் பேசும் குரல் மட்டும் இல்லை. வேறு எஞ்சினை வெளியிலிருந்து கொண்டுவந்து அதில் நிறுவவும் வழியில்லை.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். கிண்டிலில் இருப்பது காகிதம் போலத் தெரியும் மின்தாள் திரை. அதன் சிறப்பு கண் கூசாதது, வெயிலிலும் தெரிவது. கொஞ்சம் பார்வை உள்ளவர் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க அது அருமையான திரை. முழுக்கப் பார்வை இல்லாதவருக்கு அந்தச் சிறப்பால் ஒரு லாபமும் இல்லை. தமிழ் படிக்க நினைக்கும் பார்வையற்றவருக்குத் தனி மின்னூல் கருவி வாங்கித் தர வேண்டாம், கையிலிருக்கும் போனே போதும் என்பது என் கருத்து. போன்தான் அவருக்கு நல்ல மின்னூல் கருவி.

தமிழ்க் குரல் எங்கே இருக்கிறது

ஆண்ட்ராய்டு போனில் கூகுளின் பேச்சு எஞ்சினுக்குள் தமிழ் உண்டு. ஐபோனில் வாணி என்ற தமிழ்க் குரல் இருக்கிறது. விண்டோஸ் கணினியில் தமிழ்க் குரலின் பெயர் வள்ளுவர். எட்ஜ் உலாவியின் உரக்க வாசிக்கும் வசதியில் வள்ளுவரோடு பல்லவியும் உண்டு. இலங்கைத் தமிழுக்கென்று குமார், சரண்யா என்று தனிக் குரல்களும் இருக்கின்றன. என்விடிஏ என்ற இலவசத் திரைநவிலியோடு வரும் ஈஸ்பீக் தமிழை இயந்திரத்தனமாகத்தான் பேசும். ஆனால் எடை குறைவு, எவ்வளவு வேகமாக ஓடவிட்டாலும் சொற்கள் பிரிந்து கேட்கும். தேர்வுக்குப் படிக்கிறவர்கள் இனிமையான குரலை விட்டுவிட்டு இதைத் தேடிப் போவது அதற்காகத்தான்.

ஆண்ட்ராய்டில் அமைக்கும் வரிசை இது.

1. போனின் ஒலிக் கூட்டல், ஒலிக் குறைப்புப் பொத்தான்கள் இரண்டையும் சேர்த்துச் சில விநாடி அழுத்துங்கள். பெரும்பாலான புதுப் போன்களில் முதல் திரையிலேயே டாக்பேக் பேசத் தொடங்கும். சில நிறுவனங்கள் பவர் பொத்தானோடு ஒலிக் கூட்டலை அழுத்தச் சொல்கின்றன. ஐபோனில் பக்கவாட்டுப் பொத்தானை மூன்று முறை தட்ட வேண்டும்.

2. அமைப்புகளில் அணுகல்தன்மைக்குள் போய், எழுத்தைப் பேச்சாக்கும் பகுதியைத் திறந்து, தமிழ் குரல் தரவை இறக்குங்கள். வைஃபை இருக்கும்போதே செய்துவிடுவது நல்லது. இறக்கி வைத்தால்தான் நெட் இல்லாத இடத்திலும் பேசும். தனுஷ்கோடி பக்கம் சிக்னலை நம்பி இருக்க முடியாது. மழைக்காலத்தில் மண்டபம் ஊரில் வீட்டுக்குள்ளேயே இருந்தாலும் இது உதவும்.

3. மெனுவுக்கு ஒரு குரல், புத்தகத்துக்கு இன்னொரு குரல் என்று பிரித்துவிடுங்கள். அட்வாய்ஸ் போன்ற வாசிப்புச் செயலிகளில் எஞ்சினையும் மொழியையும் செயலிக்குள்ளேயே தேர்ந்தெடுக்கலாம். டாக்பேக் பழகிய ஆங்கிலத்தில் இருக்கட்டும், புத்தகம் தமிழில் ஓடட்டும். ஐபோனில் வாய்ஸ்ஓவர் எழுத்தைப் பார்த்துத் தானாகவே மொழி மாற்றிக்கொள்ளும்.

4. வேகத்தை முதல் வாரமே கூட்ட வேண்டாம். காது பழகப் பழகத் தானாகக் கூட்டத் தோன்றும்.

5. புத்தகம் ஓடும்போது திரையை அணைத்து, ஹெட்போன் பொத்தானால் நிறுத்தி ஓட்டிப் பழகுங்கள். பேட்டரி மிச்சம்.

கடையில் காசு கொடுத்து வாங்கிய, பூட்டுப் போட்ட கிண்டில் புத்தகம் இந்த வெளிச் செயலிகளில் திறக்காது. அதைக் கிண்டில் செயலிக்குள் டாக்பேக் அல்லது வாய்ஸ்ஓவர் வைத்துத்தான் கேட்க வேண்டும். முதலில் இலவச மாதிரிப் பகுதியை இறக்கி, பேசுகிறதா என்று பார்த்த பிறகு காசு கொடுங்கள்.

குரல் தடுமாறும் இடங்கள்

தமிழில் ஒரே எழுத்துக்குப் பல ஒலி. பாம்பன் என்பதில் முதல் 'ப' வன்மையாகவும் இரண்டாவது 'ப' மென்மையாகவும் ஒலிக்கும். மெல்லின மெய்க்குப் பின்னால் வந்தால் மென்மை என்ற விதி எஞ்சினுக்குத் தெரியும். இந்த ஊர்ப் பெயர் சரியாக வரும். தொண்டி, மண்டபம் எல்லாம் அப்படியே. தேவிபட்டினம், தனுஷ்கோடி என்று வந்தால்தான் சிக்கல். சொல் முதலில் வரும் 'த'வை விதிப்படி வன்மையாகச் சொல்ல வேண்டும்; நாம் அப்படிச் சொல்வதில்லை. பெரிய எஞ்சின்கள் நிறையப் பேச்சைக் கேட்டுப் பழகியவை, பல பெயர்களைச் சரியாகவே சொல்லிவிடும். சின்ன எஞ்சின்கள் விதியைப் பிடித்துக்கொண்டு தொங்கும். பாவம் செய்தவனும் நடனத்தில் பாவம் காட்டியவளும் எந்த எஞ்சினுக்கும் ஒன்றுதான்.

சுருக்கங்களும் தொல்லைதான். கி.மீ., ரூ. போன்றவற்றில் புள்ளியைப் பார்த்ததும் வாக்கியம் முடிந்தது என்று சில எஞ்சின்கள் நின்றுவிடும். அட்வாய்ஸ் போன்ற செயலிகளில் 'இப்படி வந்தால் இப்படிச் சொல்' என்று மாற்று உச்சரிப்பை எழுதி வைக்க முடியும். அடிக்கடி வரும் பெயர்களுக்கு மட்டும் அதைச் செய்தால் போதும். எல்லாவற்றையும் திருத்த உட்கார்ந்தால் புத்தகம் படித்து முடியாது.

தமிழ் எழுத்தா, தமிழ் போன்ற படமா?

பெரும்பாலான ஏமாற்றம் இங்கேதான். கருவியும் சரி, குரலும் சரி, கோப்பு சரியில்லை. கோப்பு நான்கு விதமாகக் கெடுகிறது.

முதல் வகை, ஸ்கேன் செய்த பிடிஎஃப். இதில் இருப்பது பக்கத்தின் புகைப்படம். தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்திலும், இலங்கைத் தமிழ் நூல்களைச் சேர்த்து வைத்திருக்கும் நூலகம் தளத்திலும் உள்ள பழைய நூல்கள் பல இப்படித்தான் இருக்கின்றன. பாதுகாப்பதற்கு அது போதும், கேட்பதற்குப் போதாது.

இரண்டாவது வகை கொஞ்சம் வஞ்சகமானது. பார்வைக்கு அழகான தமிழ். கேட்டால் ஆங்கில எழுத்துகள். பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள் இவை. அவற்றில் கணினி சேமித்து வைத்திருப்பது ஆங்கில எழுத்துகளைத்தான்; எழுத்துரு அதன் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துகிறது. பாமினியில் 'அம்மா' என்று இருப்பதைத் திரைநவிலி 'எம், கே, செமிகோலன், கே, ஹெச்' என்று வாசிக்கும். எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான கணினிக் குறியீடான யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனாலும் தமிழ்நாட்டில் 1999-இல் டாம், டாப் என்ற வேறு குறியீடுகள் தரமாக்கப்பட்டன; அரசு யூனிகோடுக்கு மாறியது 2010-இல். அந்த இடைவெளியில் அச்சுக்கு என்று தட்டச்சு செய்யப்பட்ட நூல்கள் ஏராளம். டிடிபி கூடங்களில் பழைய எழுத்துரு முழுதாகப் போய்விடவும் இல்லை. நல்ல செய்தி: இந்த வகையை எழுத்துரு மாற்றி மூலம் நொடியில் யூனிகோடாக்கிவிடலாம். எந்த எழுத்துரு என்று தெரிந்தால் போதும்.

மூன்றாவது, யூனிகோடு எழுத்துருவில்தான் செய்தது, ஆனால் பிடிஎஃப். 'கெ' என்பதை யூனிகோடு சேமிக்கும்போது முதலில் 'க', அப்புறம் கொம்பு. பிடிஎஃப் எழுத்தைப் பற்றிக் கவலைப்படாது, படம் வரைகிற வரிசையில் கொம்பை முதலில் வைத்துவிடும். வாசிக்கிற எஞ்சின் கொம்பைத் தனியாகவும் 'க'வைத் தனியாகவும் பார்த்துத் திணறும். வரிக் கடைசியில் உடைந்த சொற்கள் இரண்டு துண்டாகக் கேட்கும். பதிப்பாளர்களுக்கும் கல்லூரித் துறைகளுக்கும் சொல்ல வேண்டியது இது: பிடிஎஃப் மட்டும் தராதீர்கள், அதன் மூலக் கோப்பையோ இபப் (EPUB) என்ற மின்னூல் கோப்பையோ கூடவே தாருங்கள்.

நான்காவது, ஸ்கேனை எழுத்துணரி (ஓசிஆர்) மூலம் எழுத்தாக்கிய கோப்பு. கூகுள் டிரைவில் ஸ்கேன் கோப்பை ஏற்றி டாக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்தாக மாறும். டெசராக்ட் என்ற இலவச மென்பொருளும் தமிழ் படிக்கும். ஆனால் 'ர'வும் துணைக்காலும் உருவத்தில் ஒன்று என்பதால் அடிக்கடி இடம் மாறும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களில் ணா, றா, னா, லை, னை எல்லாம் பழைய உருவத்தில் இருக்கும். அங்கே பிழை கூடும். கீழக்கரைப் பக்கம் வீடுகளில் இருக்கும் அரபுத்தமிழ் நூல்களுக்கு இந்த வழி உதவாது. மொழி தமிழ், எழுத்து அரபி. அதை ஒருவர் வாசித்துப் பதிவு செய்வதுதான் இப்போதைக்கு வழி.

எந்த வகை என்று அறிய ஒரு சின்னச் சோதனை. கோப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து, உங்களுக்கே அனுப்பும் செய்தியில் ஒட்டிக் கேளுங்கள். நகலெடுக்கவே முடியவில்லை என்றால் படம். ஆங்கில எழுத்துகள் கேட்டால் பழைய எழுத்துரு. தமிழ் கேட்டும் தடுக்கினால் பிடிஎஃப் வரிசைக் கோளாறு அல்லது எழுத்துணரிப் பிழை.

பேசும் புத்தகம் எங்கே கிடைக்கும்

மதுரைத் திட்டம் 1998 முதல் சங்க இலக்கியத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டு வரையிலான நூல்களை எழுத்தாகவே தட்டச்சு செய்து இலவசமாகத் தருகிறது. அதனால் யூனிகோடுப் பக்கங்கள் நன்றாகப் பேசும். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் இபப் கோப்புகள் பூட்டில்லாமல் கிடைக்கும். 2016-இல் மத்திய அரசு தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா பார்வையற்றோருக்கும் அச்சு வாசிக்க முடியாதவர்களுக்கும் மட்டுமான இணைய நூலகம். உறுப்பினராக மாற்றுத்திறனாளி சான்று வேண்டும். புக்ஷேர் அதே போன்ற பன்னாட்டு நூலகம்.

வீட்டில் இருக்கும் அச்சு நூலை ஸ்கேன் செய்து கொடுத்தால் சட்டச் சிக்கல் வருமா என்று ஆசிரியர்கள் தயங்குகிறார்கள். வராது. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்ந்த திருத்தப்படி, மாற்றுத்திறனாளியின் சொந்த வாசிப்புக்காகவும் படிப்புக்காகவும் லாப நோக்கமின்றி ஒரு நூலை அவர் அணுகும் வடிவத்துக்கு மாற்றுவது பதிப்புரிமை மீறல் ஆகாது. இதே நோக்கம் கொண்ட 2013 மராகேஷ் உடன்படிக்கையை உலகில் முதலில் ஏற்றுறுதி செய்த நாடு இந்தியாதான். மாற்றிய கோப்பை வாட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் தட்டிவிடுவது வேறு கதை. அந்தச் சலுகை அதற்கு இல்லை.

உப்புக் காற்றும் ஹெட்போனும்

இந்தக் கரையில் கருவி முதலில் கெடுவது சார்ஜ் ஏறும் துளையில். உப்புக் காற்று படப் பட உள்ளே பச்சை பிடிக்கும். துளைக்குச் சின்ன ரப்பர் மூடி போட்டு வையுங்கள். ஈரக் கையோடு கம்பியைச் செருகாதீர்கள். ஊசியால் சுரண்டவும் வேண்டாம்.

ஹெட்போனில் காதை முழுக்க அடைக்கும் வகையைத் தெருவில் போட்டு நடக்கக் கூடாது. பார்வையற்றவருக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேன் வருவதைச் சொல்வது காதுதான். எலும்பு வழியாக ஒலி கடத்தும் ஹெட்போன் காதைத் திறந்தே வைக்கும். விலை கொஞ்சம் கூடுதல். அது முடியாவிட்டால் ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு, வண்டி போகாத பக்கத்துக் காதில் புத்தகத்தைக் கேட்கலாம். கடலோரத்தில் காற்று இரைச்சல் அதிகம் என்பதால் ஒலியைக் கூட்டிக்கொண்டே போகத் தோன்றும். அதைவிடப் பேச்சு வேகத்தை ஒரு படி குறைத்தால் சொல் தெளிவாக விழும்.